மேட்ச்ச பஸ்லயே தோத்துட்டுப் போய் எறங்காதீங்க: வெளியூர் போற காலேஜ் ஃபுட்பால் டீமுங்க பண்ற தப்புங்க

எங்க டீமு எப்படிப்பட்ட டீமுன்னு மொதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா இவன் என்ன பெரிய கோச்சு மாதிரி பேசறான்னு நெனப்பீங்க. பாலக்காட்டு ஜில்லா சித்தூர் தாலுக்காவோட கெழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை வேலந்தாவளம் பக்கம். கேரளாவுக்குள்ளதான் இருக்கோம், ஆனா வீட்டுல தமிழ், சந்தையில தமிழ், பாதிப் பசங்க படிச்சதே தமிழ் மீடியம். வாலிபால், கபடின்னா ஊருக்கு ஊர் ஆள் இருக்கு. ஃபுட்பால் அப்படி இல்ல, காலேஜ்ல சேந்ததுக்கு அப்புறம் பூட்ஸ் வாங்கினவன்தான் எங்க டீம்ல முக்காவாசி. ஆனா காலேஜ் காலிகட் யூனிவர்சிட்டிக்குக் கீழ வருது, அப்போ ஆட வேண்டியது யாரு கூட? மலப்புறம் பசங்க கூட, கோழிக்கோட்டுப் பசங்க கூட. 2022ல ஸ்டேட் டீமுங்க மோதற சந்தோஷ் டிராஃபி ஃபைனல் மஞ்சேரி பய்யநாட்டுல நடந்துச்சே, கேரளா பெங்கால பெனால்டியில ஜெயிச்சது, அந்த மேட்ச்சப் பாக்க உசுரக் குடுத்து வந்த ஊர்க்காரங்க பசங்க அவங்க. நடக்கறதுக்கு முன்னாடியே பந்து தட்டக் கத்துக்கறவனுங்க.

மூணு வருஷம் அந்த டீம்ல ஆடினேன் (ஆடினேன்னு சொல்றத விட பெஞ்ச்ல உக்காந்தேன்னு சொல்லலாம்), பிஜி சேந்தப்புறம் ரெண்டு வருஷம் டீம் மேனேஜர்ங்கற பேர்ல ஐஸ் பொட்டி தூக்கினேன். அஞ்சு வருஷத்துல நாங்க ஜெயிச்சத விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா தோத்ததுல பாதி, கிரவுண்டுக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடியே தோத்தது. நல்ல டீமு லேட்டா எறங்கி வார்ம் அப் இல்லாம ஆடினாலும் ரெண்டு கோல் வாங்கிட்டு மூணு கோல் திருப்பி அடிக்கும். நம்மள மாதிரி டீமுக்கு கையில இருக்கறதே கொஞ்சூண்டு, அதயும் ரோட்டுல கொட்டிட்டுப் போனா அப்புறம் என்னத்த ஆடறது.

மொத தப்பு, ஊர் பேர வாயால மட்டும் சொல்லி ஆள அனுப்பறது. மேட்ச் மங்கடயில. மங்கட இருக்கறது மலப்புறம் ஜில்லா, பெரிந்தல்மண்ணா தாண்டிப் போகணும். இந்தப் பக்கம் மங்கரன்னு ஒரு ஊர் இருக்கு, பாலக்காட்டுலேருந்து ஒத்தப்பாலம் போற வழியில, ரயில்வே ஸ்டேஷன் கூட உண்டு. அன்னிக்கு நாங்க எட்டுப் பேரு பி.டி. சாரோட முன்னாடி பஸ்ல போயிட்டோம், மிச்சம் ஏழு பேரு பரீட்சை எழுதிட்டுப் பின்னாடி வரணும். போன்ல நான் "மங்கட"ன்னேன், அவனுங்க காதுல விழுந்தது "மங்கர". கண்டக்டர் கிட்ட மங்கர போகுமான்னு கேட்டிருக்கானுங்க, போகும்னு சொல்லியிருக்காரு, அவர் மேல என்ன தப்பு. மங்கரயில எறங்கி கிரவுண்டு எங்கன்னு தேடிட்டு எனக்கு போன் பண்றானுங்க, "அண்ணா இங்க ஒரு கோயிலு இருக்கு, பக்கத்துல ரயில் கேட்டு இருக்கு, நீங்க எங்க நிக்கறீங்க?" நான் நின்ன எடத்துல ரயில் தண்டவாளமே இல்ல. அப்பதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு.

இந்த மாதிரி ஜோடி ஊருங்க இங்க நெறய. பாலக்காட்டு வடக்கஞ்சேரி, திருச்சூர் வடக்காஞ்சேரி, ஒரு நெடில்தான் வித்தியாசம், ஆனா ரயில்வே ஸ்டேஷன் திருச்சூர் வடக்காஞ்சேரிக்குத்தான். பட்டிக்காடு திருச்சூர்லயும் இருக்கு, மலப்புறத்துலயும் இருக்கு. நம்ம பசங்களுக்கு மலையாளம் பேச வரும், போர்டு படிக்கறதுல தடுமாறுவானுங்க, அதுலயும் ஓடற பஸ் நெத்தியில இருக்கற எழுத்துன்னா கேக்கவே வேண்டாம். அதனால ஜில்லா பேரோட, பக்கத்து டவுன் பேரோட, கிரவுண்டோட லொக்கேஷன வாட்ஸப்ல போட்டுடுங்க, போட்டது மட்டும் போதாது, எங்க எறங்கணும்னு அவனயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க.

அந்தக் கதை அதோட முடியல, நெஜமான தப்பு அப்புறம்தான் நடந்துச்சு. ஃபுட்பால் ரூல்ல ஏழு பேர் இருந்தா மேட்ச்ச ஆரம்பிக்கலாம், ஏழுக்குக் கொறஞ்சாதான் ஆரம்பிக்கவும் கூடாது, நடத்தவும் கூடாது. நாங்க எட்டு, அதனால ரெஃப்ரி விசில் ஊதிட்டாரு. பி.டி. சார் பதட்டத்துல டீம் லிஸ்ட்ல அந்த எட்டுப் பேர மட்டும் எழுதிக் குடுத்துட்டாரு, மத்தவனுங்க வந்ததும் சேத்துக்கலாம்னு. ஹாஃப் டைம்ல அஞ்சு கோல் வாங்கி நாக்கு தள்ளி நிக்கறோம், ரெண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்துல அந்த ஏழு பேரு ஒரு ஜீப்பப் புடிச்சு மூச்சிரைக்க வந்து சேந்தானுங்க, ஜெர்சி போட்டு லைன்ல நின்னானுங்க, ரெஃப்ரி லிஸ்ட்ட எடுத்துப் பாத்தாரு, கையால இல்லன்னு காட்டிட்டாரு. மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல யாரு பேரு இருக்கோ அவங்க மட்டும்தான் லேட்டா வந்தாலும் எறங்க முடியும். பேரு இல்லாதவன் கேட்டுக்கு வெளிய நிக்கற பார்வையாளன்தான். எவ்வளவு பெரிய பாடம் பாருங்க, ஒரு பேப்பர்ல ஏழு வரி எழுதியிருந்தா ரெண்டாவது பாதியிலயாவது பதினொரு பேரா ஆடியிருப்போம். வழியில மாட்டிக்கிட்டவன், காய்ச்சல்னு படுத்திருக்கறவன், வருவானா மாட்டானான்னு தெரியாதவன், எத்தன பேர எழுத டோர்னமென்ட் ரூல் விடுதோ அத்தன பேரயும் எழுதிக் குடுங்க. வரலன்னா நஷ்டமில்ல.

ரயில்ல போறதா இருந்தா இன்னொரு கண்ணி இருக்கு. பாலக்காடு டவுன் ஸ்டேஷன் வேற, பாலக்காடு ஜங்ஷன் வேற, ஜங்ஷன் இருக்கறது ஒலவக்கோட்டுல, நடுவுல நாலஞ்சு கிலோமீட்டர். பதினஞ்சு பேரு பையோட பந்து வலையோட ஒரு ஸ்டேஷன்லேருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு ஆட்டோ புடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பெரிந்தல்மண்ணாவுக்கு ரயில்ல போகணும்னா ஷொர்ணூர்ல மாறி நிலம்பூர் லைன்ல அங்காடிப்புறத்துல எறங்கணும். அந்த லைன் 66 கிலோமீட்டர், சின்ன லைன், ஒரு வண்டிய விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் காத்துக் கெடக்கணும். இதுல மோசம் என்னன்னா, பாலக்காட்டுலேருந்து எறணாகுளம் போற எல்லா வண்டியும் ஷொர்ணூருக்குள்ள போகாது, பல எக்ஸ்பிரஸ்ஸு ஷொர்ணூர ஒதுக்கிட்டு பைபாஸ்ல திருச்சூர் லைனப் புடிச்சிடும். எல்லாம் ஷொர்ணூர் வழிதானேன்னு ஏறி, ஜன்னல்ல பாரதப்புழைய வேடிக்கை பாத்துட்டே திருச்சூர் போய் எறங்கின ஒரு டீம எனக்குத் தெரியும். ஏறறதுக்கு முன்னாடி வண்டி நம்பரப் போட்டு எங்கெல்லாம் நிக்கும்னு பாத்துடுங்க, ஒரு நிமிஷ வேலை. ரிசர்வ் பண்ணிப் போற தூரம்னா இன்னொண்ணு, ஒரு பிஎன்ஆர்ல ஆறு பேருக்கு மேல போட முடியாது, பதினெட்டுப் பேருன்னா மூணா உடையும், அதுல ஒண்ணு வெயிட்டிங் லிஸ்ட்ல நின்னா அந்த ஆறு பேர்ல கீப்பர் ரெண்டும் இருக்காம பிரிச்சுப் போடுங்க. சிரிக்காதீங்க, நடந்திருக்கு.

பஸ்ஸுல என்ன சாப்பிடறோம்ங்கறது அடுத்தது. காலையில நாலு மணிக்குக் கெளம்பி, மண்ணார்க்காட்டுல நிறுத்தி, பரோட்டாவும் பீஃபும் அடிச்சிட்டு பதினோரு மணிக்கு வெயில்ல எறங்கினா எவனால ஓட முடியும், எங்க லெஃப்ட் பேக்கு ஒருத்தன் கார்னர் கொடிக்குப் பக்கத்துலயே வாந்தி எடுத்தான். மேட்ச்சுக்கு மூணு மணி நேரத்துக்கு முன்னாடி இட்லி, புட்டு பழம் மாதிரி எதாவது, அப்புறம் கடைசி ஒரு மணி நேரத்துல ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். தண்ணி குடிக்காம வர்றது இதவிடப் பெரிய தப்பு. வழியில ஒண்ணுக்கு நிறுத்தச் சொல்லணுமேன்னு வெக்கப்பட்டுட்டு பசங்க வாய நனைக்க மாட்டானுங்க, செகண்டு ஹாஃப்ல கெண்டைக்கால் புடிச்சிட்டு ஒவ்வொருத்தனா உருளுவானுங்க. கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டே வரச் சொல்லுங்க, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா வண்டிய நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடக்க விடுங்க. தனியார் பஸ்ஸுன்னா நிறுத்த மாட்டான், எந்திரிச்சாவது நிக்கலாம்ல. வண்டி ஒத்துக்காதவன பின் சீட்டுல போடாதீங்க, முன்னாடி ஜன்னலோரம் உக்கார வெச்சு போனப் புடுங்கி வெச்சுக்குங்க.

வெள்ளிக்கிழமை மேட்ச்னா மத்தியானம் ஜும்மா நேரத்துல மலப்புறம் பக்கம் கடைங்க சாத்தியிருக்கும், நோம்பு மாசம்னா பகல்ல ஹோட்டல் தேடறது கஷ்டம். அதுக்கு அந்த ஊர்க்காரங்கள கொற சொல்றதுல நாயமே இல்ல, தூக்குல சோறு கட்டிட்டுப் போறது நம்ம வேலை. நோம்பு தொறக்கற நேரம் வரைக்கும் நின்னீங்கன்னா அவங்களே கூப்பிட்டு உக்கார வெச்சு வயிறு முட்டப் போட்டு அனுப்புவாங்க, அது தனிக் கதை.

இப்ப வண்டி. காசு மிச்சம்னு யாரோ ஒரு மாமாவோட வெள்ள போர்டு வேன வாடகைக்கு எடுக்கறது எங்க பக்கம் சகஜம். சொந்த உபயோகத்துக்கு ரெஜிஸ்டர் பண்ணின வண்டிய வாடகைக்கு ஓட்டறது சட்டப்படி தப்பு, அடிபட்டா இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சிட வாய்ப்பு உண்டு. பொள்ளாச்சி, கோயமுத்தூர் பக்கத்துலேருந்து வர்ற டீமுங்க தமிழ்நாட்டு வண்டியில வாளையாரோ கோபாலபுரமோ தாண்டறப்ப பர்மிட்டு, வரி எல்லாம் கட்டியிருக்கான்னு டிரைவர முந்தின நாளே கேட்டுக்குங்க, செக்போஸ்ட்ல நின்னு கேக்கறதுக்கில்ல.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு, டிரைவரோட தூக்கம். 2022 அக்டோபர் 5 ராத்திரி நம்ம வடக்கஞ்சேரி கிட்ட ஊட்டிக்கு டூர் கெளம்பின ஸ்கூல் பசங்க பஸ்ஸு, முன்னாடி போன கேஎஸ்ஆர்டிசி பஸ்ல மோதி 9 பேரு செத்தாங்க, அதுல பசங்க அஞ்சு பேரு. அதுக்கப்புறம்தான் ராத்திரி நேரத்துல ஸ்டூடண்ட்ஸ் டூர் வண்டி ஓடக்கூடாதுன்னு பேச்சு பலமாச்சு. எங்க டிரைவர் சேட்டன் ஒருக்கா ராத்திரி முழுக்க கல்யாண ஓட்டம் ஓட்டிட்டு நேரா எங்கள ஏத்த வந்தாரு, கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. நாங்க ஏறல. சார் அன்னிக்கு அந்த மேட்ச்ச வாக் ஓவரா, அதாவது ஆடாமலே எதிர் டீமுக்கு விட்டுக் குடுத்தாரு, பசங்க ஒரு வாரம் மூஞ்சத் தூக்கிட்டு சுத்தினானுங்க, ஆனா இந்த அஞ்சு வருஷத்துல சார் எடுத்த முடிவுலயே சரியான முடிவு அதுதான்னு நான் எவன் கிட்டயும் சொல்லுவேன்.

ஹர்த்தால (கடையடைப்புதான், வண்டியும் ஓடாது) மறக்கறதும் உண்டு. பந்த் செல்லாதுன்னு 1997லயே கேரளா ஹைகோர்ட்டு சொல்லியாச்சு, ஹர்த்தால்னா 7 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்னு 2019ல சொன்னாங்க. இருந்தாலும் முந்தின நாள் ராத்திரி நியூஸ் பாக்காம படுக்காதீங்க. டோர்னமென்ட் நடத்தறவங்க நம்பர் ஒண்ணுக்கு ரெண்டா கையில இருக்கணும், ஒருத்தர் போன் எடுக்கலன்னா இன்னொருத்தர்.

கிட்டு பத்தி. எல்லா ஷின் கார்டும் (முட்டிக்குக் கீழ முன்னங்கால்ல கட்டற தடுப்பு) ஒரே சாக்குப் பையில, அந்தப் பை ஆட்டோவுல, ஆட்டோ போயே போச்சு. ஷின் கார்டு இல்லாம ரெஃப்ரி எறக்க மாட்டாரு, பூட்ஸும் ஷின் கார்டும் அவனவன் முதுகுல இருக்கணும். ரெண்டு கலர் ஜெர்சி எடுத்துட்டுப் போங்க, எதிர் டீமும் அதே நீலம்னா பழைய பனியன் மேல மார்க்கர்ல நம்பர் எழுதி ஆட வேண்டி வரும். கையில கட்டின சாமிக் கயிறு, காப்பு, மோதிரம் எல்லாத்தயும் கழட்டச் சொல்லுவாங்க, டேப் சுத்தினாலும் விட மாட்டாங்க. சபரிமலை மாலை போட்டவன் இருந்தா அத வீட்டுலயே பேசி முடிவு பண்ணிட்டு வரட்டும், லைன்ல நின்னு அழக்கூடாது. அப்புறம், நம்ம கிரவுண்டு கரிசல், விழுந்தா ஒட்டும். அங்க செம்மண்ணு, வெட்டுக்கல்லு கெளப்பின தரை, விழுந்தா தோல் உரியும். பஞ்சு, டெட்டால், கட்டுத்துணி எடுத்து வெச்சுக்குங்க. ஐஸு மீன் கடையில கெடைக்கும், ஒரு கவர் கேட்டா காசு கூட வாங்க மாட்டாங்க, என்ன, முட்டியில வெச்சா ரெண்டு நாளைக்கு மத்தி வாசம் போகாது.

டிக்கெட்ட எல்லாம் ஒருத்தன் கையில வாங்கி அன்னிக்கே போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பஸ் மெஷின் டிக்கெட்டு ஒரு மாசத்துல வெளுத்துப் போயிடும், ஆபீஸ்ல பில் கேக்கறப்ப வெள்ளப் பேப்பர நீட்டினா காசு வராது.

என் கடைசி வருஷம் மஞ்சேரி பக்கம் ஒரு மேட்ச். முந்தின நாளே போய் ஒரு ஸ்கூல் ரூம்ல பாய் போட்டுப் படுத்தோம். காலையில ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிரவுண்டுல இருக்கோம், கேட்டே தொறக்கல, வாட்ச்மேன் எங்களப் பாத்து எந்த காலேஜ்னு கேட்டு, சித்தூர் பக்கம்னதும் "இத்ர நேரத்தே வந்நோ"ன்னு, இவ்வளவு சீக்கிரமாவே வந்துட்டீங்களான்னு சிரிச்சாரு. லிஸ்ட்ல பதினெட்டுப் பேரு, பதினெட்டும் அங்கயே நிக்குது. 2-1 தோத்தோம். அந்த ஒரு கோல அடிச்சது மங்கரயில எறங்கினவன்ல ஒருத்தன். திரும்பி வர்றப்ப மண்ணார்க்காட்டுல வண்டிய நிறுத்தி, இப்ப சாப்பிடுங்கடான்னு பரோட்டா பீஃப் சொன்னாரு பி.டி. சார், அவன் மட்டும் ரெண்டு பிளேட்டு.