14 டேப், ஒரு கேள்வி: ஏஐயிடம் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

அப்பாவுக்கு 64 வயது, அம்மாவுக்கு 59. இருவருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துவிடலாம் என்று ஒரு ராத்திரி லேப்டாப்போடு உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குள் பிரவுசரில் 14 டேப் சேர்ந்துவிட்டது. நான்கு நிறுவனங்களின் பக்கங்கள், இரண்டு ஒப்பீட்டுத் தளங்கள், மூன்று பிடிஎஃப், மீதியெல்லாம் 'எதைத் தேர்ந்தெடுக்கலாம்' வகைக் கட்டுரைகள். கண் சொருகியது. ஓரத்தில் இருந்த ஏஐ பேனலில் "இதையெல்லாம் சுருக்கிச் சொல்" என்று அடித்தேன்.

ஐந்து பத்தி வந்தது. கடைசி வரி: "ஒவ்வொரு திட்டத்திலும் தனிச்சிறப்புகள் உள்ளன, உங்கள் தேவைக்கேற்பத் தேர்வு செய்யுங்கள்." இதைச் சொல்ல எதிர்வீட்டு மாமா போதுமே!

தப்பு என்னுடையதுதான். சுருக்கச் சொன்னேன், சுருக்கியது. எனக்கு வேண்டியது சுருக்கம் இல்லை, ஒரு முடிவு. யாருக்காக, எவ்வளவு பணத்துக்குள், எதைப் பார்த்து முடிவெடுக்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மறுபடி இப்படி எழுதினேன்:

"ஒருவருக்கு 64 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. இன்னொருவருக்கு 59, நோய் எதுவும் இல்லை. வருடத்துக்கு 60,000 ரூபாய்க்கு மேல் கட்ட முடியாது. இந்த நான்கு திட்டங்களையும் அட்டவணையாகப் போடு: அறை வாடகை வரம்பு, கோ-பே சதவீதம், சர்க்கரைக்கான காத்திருப்புக் காலம், பிரீமியம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது எந்த டேப்பில் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று அப்படியே எடுத்துப் போடு. டேப்பில் இல்லாததை ஊகிக்காதே. 'பக்கத்தில் இல்லை' என்று எழுது."

பெயர், பாலிசி எண், போன் நம்பர் எதையும் இதில் கொடுக்கவில்லை. வயதும் நோயும் தெரிந்தால் போதும். கோ-பே என்பது ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு; காத்திருப்புக் காலம் என்பது ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீடு கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டிய காலம்.

அந்தக் கேள்வியின் கடைசி இரண்டு வாக்கியங்களை, அதாவது ஊகிக்காதே என்பதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காலிக் கட்டத்தை விட ஏஐக்கு மனசு வராது; கேட்காவிட்டால் ஏதோ ஒரு பொருத்தமான எண்ணைப் போட்டு நிரப்பிவிடும். அது சரியான எண்ணைப் போலவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

அடுத்த தவறு, டேப் திறந்திருந்தால் ஏஐ அதைப் படித்துவிட்டது என்று நம்புவது. சில கருவிகள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தை மட்டும் பார்க்கும்; சிலவற்றில் எந்தெந்த டேப் என்று நாமே குறிப்பிட வேண்டும். குரோமில் மெமரி சேவர் என்ற நினைவகம் மிச்சப்படுத்தும் வசதியைப் போட்டிருந்தால், ரொம்ப நேரம் தொடாத டேப் தூங்கிவிடும். 'மேலும் படிக்க' என்ற பட்டனுக்குப் பின்னால் இருப்பதும், லாகின் கேட்கும் பக்கமும் அதன் கண்ணில் படாமல் போகலாம். சாட்டில் வெறும் லிங்கை ஒட்டினால் இன்னும் மோசம், முகவரியில் இருக்கும் சொற்களை வைத்தே பதில் சொல்லிவிடுகிற வழக்கமும் உண்டு. அதனால் முதல் கேள்வியாக "எந்தெந்தப் பக்கங்களை உன்னால் படிக்க முடிகிறது? ஒவ்வொன்றின் தலைப்பையும் சொல்" என்று கேட்டுவிடுவேன். என் 14இல் ஒன்பதுதான் தேறியது.

சரி, படித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதைப் படித்தது? நிறுவனத்தின் விளம்பரப் பக்கத்தைக் கொடுத்தால் சுருக்கமும் விளம்பரமாகத்தான் வரும். ஒரு திட்டத்துக்கு "அறை வாடகை உண்டு" என்று அட்டவணையில் டிக் போட்டிருந்தது. பக்கத்திலும் அப்படித்தான் இருந்தது, மேலே ஒரு நட்சத்திரக் குறியோடு. அந்த நட்சத்திரம் எங்கே போகிறது என்று பாலிசி வேர்டிங், அதாவது முழு விதிமுறைகளும் உள்ள பிடிஎஃபில் தேடினால், நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்தான். 5 லட்சம் என்றால் 5,000 ரூபாய். அப்பாவை 8,000 ரூபாய் அறையில் சேர்த்தால் கூடுதல் 3,000 மட்டும் நம் கையிலிருந்து போகும் என்று தோன்றும். அப்படியில்லை. சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை 1,60,000 ஆகியிருந்தால் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 1,00,000தான் வரும். மீதி 60,000 நம் பாக்கெட்டிலிருந்து. ஒரு டிக் குறிக்குள் இவ்வளவும் ஒளிந்திருந்தது.

ஆகவே கேட்பதற்கு முன் டேப்களைக் களையெடுக்க வேண்டும். காப்பீட்டில் நல்ல வசதி ஒன்று உண்டு: ஒவ்வொரு பாலிசிக்கும் சிஐஎஸ் (கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்) என்ற தகவல் தாள் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொன்னபடி 2024 ஜனவரியிலிருந்து அது எளிய புது வடிவில் வருகிறது. நான்கு சிஐஎஸ், நான்கு பாலிசி வேர்டிங், பிரீமியத்துக்கு அந்த நான்கு நிறுவனங்களின் பக்கங்கள், அவ்வளவு போதும். கட்டுரை டேப்களை எல்லாம் மூடினேன். குறைத்தால் இன்னொரு லாபம்: நீளமான உரையின் நடுவில் கிடக்கும் தகவலை, இந்த ஏஐகளுக்குள் இயங்கும் மொழி மாதிரிகள் கோட்டைவிடுகின்றன என்று 2023இலேயே ஓர் ஆய்வு காட்டியது.

கட்டுரைகளை மூடியதற்கு வேறு காரணமும் இருந்தது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 4 வருடம் என்று ஒரு டேப், 3 வருடம் என்று இன்னொன்று. 2024 ஏப்ரலில் விதி மாறி 3 ஆனது. முதல் கட்டுரை அதற்கு முந்தையது. பிரீமியத்திலும் இதே கதை. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய பக்கத்தில் 59,000 என்றும் புதுப் பக்கத்தில் 50,000 என்றும் இருப்பது ஒரே பாலிசியாகவே இருக்கலாம். தேதியைப் பார் என்று நாம் சொல்லாவிட்டால் ஏஐ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது 9,000 ரூபாய் மலிவு" என்று சொல்லிவிடும். "ஒவ்வொரு பக்கத்தின் தேதியையும் எழுது, தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் சொல்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

தமிழில் கேட்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் "பாலிசிச் சொற்களை மொழிபெயர்க்காதே" என்று சொல்லிவிடுங்கள். டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) 'கழிக்கத்தக்கது' என்று வந்தால் பிடிஎஃபில் எதை வைத்துத் தேடுவது?

அப்புறம், பக்கத்து டேப்பில் என்ன திறந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். வலைப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதிவைத்த வரிகளை ஏஐ நமது கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று 2022இலிருந்து இதைச் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்டில் பிரேவ் என்ற பிரவுசர் நிறுவனத்தினர், பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட் என்ற ஏஐ பிரவுசரை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். ரெடிட் பதிவு ஒன்றைச் சுருக்கச் சொன்னதும், அதன் கீழே கருத்தில் மறைத்திருந்த கட்டளைப்படி பயனரின் மின்னஞ்சல் முகவரியையும் ஓடிபியையும் எடுத்து அங்கேயே பதிலாகப் போட்டுவிட்டது. அதற்குப் பின் திருத்தங்கள் வந்தன என்றாலும், இவ்வகைத் தாக்குதலுக்கு முழு மருந்து இன்னும் இல்லை. நான் இப்போதெல்லாம் ஒப்பீட்டு வேலைக்குத் தனி பிரவுசர் ப்ரொஃபைல் வைத்திருக்கிறேன். அதில் ஜிமெயிலோ நெட்பேங்கிங்கோ லாகின் ஆகியிருக்காது.

அன்றைக்குக் கடைசியாக வந்த அட்டவணையில் 16 கட்டங்கள். எண் இருந்த ஒவ்வொன்றையும், அது எடுத்துக்காட்டிய வாக்கியத்தைப் பிடிஎஃபிலோ பக்கத்திலோ கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடிச் சரிபார்க்கக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு கட்டத்தில் 'பக்கத்தில் இல்லை', இரண்டும் கோ-பே வரிசையில். காலையில் போன் போட்டு அந்த இரண்டை மட்டும் கேட்டேன். ஒரு நிறுவனத்தில், "61 வயதுக்கு மேல் சேர்ந்தால் ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் உங்களுடையது சார்" என்றார்கள். அந்த டேப்பை மூடினேன்.