‘பெட்டி’ என்று தேடினால் பெட்டிதான் வரும்: வேத வசனங்களை இணையத்தில் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை வேதபாடத்துக்குக் கல்லூரியில் படிக்கிற தங்கை ஒருத்தி லேப்டாப்போடு வந்தாள். தமிழ் வேதாகமத் தேடல் தளம் ஒன்றில் ‘பெட்டி’ என்று அடித்து, வந்த வசனங்களையெல்லாம் கலர் கலராகக் கோடு போட்டு இணைத்து ஒரு பெரிய படமே வரைந்திருந்தாள். “அண்ணா, மோசே குழந்தையா இருந்தப்ப படுத்திருந்தது பெட்டியில. அவர் மலையில வாங்கிட்டு வந்த கற்பலகை இருந்ததும் பெட்டியில. எப்படிப் பொருந்துது பாருங்க!”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அதே கோட்டை அதே இடத்தில் போட்டிருந்தேன். போட்டதோடு நிற்காமல் அச்சடித்தும் விட்டேன்.

எழுத்துப்பிழையோடு தேடுவது, முன்பின் வாசிக்காமல் ஒரு வசனத்தைப் பிய்த்து எடுப்பது போன்றவை யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களும் வழுக்கி விழுகிற இடங்கள் வேறு.

தமிழில் தேடிவிட்டு எபிரெயத்தில் கண்டதாக நினைப்பது

முதலில் என் கதை. ஒரு வாலிபர் முகாமில் செய்தி கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இணையத்தில் வசனம் தேட அப்போதுதான் பழகியிருந்தேன். சொல்லை அடித்தால் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஒரே நொடியில் வந்து நிற்கும். தலைகால் புரியவில்லை. ‘பெட்டி’ என்று தேடினேன். யாத்திராகமம் 2:3-ல் நாணற்பெட்டி. 25-ஆம் அதிகாரத்திலிருந்து, கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டி. நியாயப்பிரமாணத்தைக் கொண்டுவந்தவன் முதலில் ஒரு பெட்டிக்குள், நியாயப்பிரமாணம் பிறகு ஒரு பெட்டிக்குள். ஆவியானவர் இரண்டு இடத்திலும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார் என்று முழங்கினேன். ‘ஆமென்’ பலமாக வந்தது. முகாமில் கொடுக்க அதையே சிறு புத்தகமாக 300 பிரதி என் கைக்காசில் போட்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் ஓய்வுபெற்ற இறையியல் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “நல்லாப் பேசினீங்க தம்பி. அந்த ரெண்டு பெட்டிக்கும் எபிரெயத்துல ஒரே சொல்தானா?”

“பார்க்கலையே ஐயா.”

“பாத்திருங்க.” அவ்வளவுதான். ரசத்தை ஊற்றிப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

இரவு பார்த்தேன். ஒரே சொல் இல்லை. உடன்படிக்கைப் பெட்டிக்குப் பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்தில் ‘ஆரோன்’ (மோசேயின் அண்ணன் பெயர் வேறு, அது ‘அஹரோன்’). மோசே கிடந்த நாணற்பெட்டியோ ‘தேபா’. இந்தத் தேபா பழைய ஏற்பாட்டிலேயே இன்னும் ஒரே ஒரு கதையில்தான் வருகிறது. நோவாவின் பேழை! ஆதியாகமம் 6 முதல் 9 வரை, அப்புறம் யாத்திராகமம் 2. வேறெங்கும் கிடையாது. அதாவது மூலத்தில் அடித்துச் சொல்லியிருக்கிற தொடர்பு நோவாவுக்கும் மோசேக்கும் இடையே இருக்கிறது. எல்லாரும் தண்ணீரில் சாகும்போது கீல் பூசிய ஒரு மிதவைக்குள் பிழைத்தவர்கள் இருவரும். எபிரெய ஆண்பிள்ளைகளை நதியில் போடுங்கள் என்று பார்வோன் சொன்னது அதற்கு முந்தைய அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இருக்கிறது. நான் அதைக் கோட்டைவிட்டுவிட்டு, இல்லாத தொடர்புக்கு முழங்கியிருந்தேன்.

மொழிபெயர்த்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் சபையில் வாசிக்கிற வேதாகமத்துக்கு அடிப்படை ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-ல் முடித்த மொழிபெயர்ப்பு. தென்மாவட்டங்களில் ஓலையில் முடைந்ததும் பெட்டி, நாரில் முடைந்ததும் பெட்டி. நாணலில் முடைந்ததைப் பெட்டி என்று எழுதியதில் என்ன தப்பு? வாசிக்கிறவனுக்கு அது போதும். சொல்லை வைத்துக் கோடு போடுகிறவனுக்குத்தான் போதாது.

இன்னொரு விஷயம். பொய்த்தொடர்பு மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு இடம் மாறும். ஆங்கிலத்தில் தேடினால் நோவாவுடையதும் உடன்படிக்கையுடையதும் இரண்டும் ‘ஆர்க்’. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் நோவாவின் பேழை, உடன்படிக்கைப் பேழை. ஆகவே அதில் தேடுகிற கத்தோலிக்க நண்பர் நோவாவுக்கும் உடன்படிக்கைக்கும் கோடு போடுவார், நான் மோசேக்கும் உடன்படிக்கைக்கும் போடுவேன். இரண்டு பேருக்கும் வசன ஆதாரம் இருக்கும்!

சரி, தேபாவைக் கண்டுபிடித்தாயிற்று. உடனே எனக்கு அடுத்த ஆசை வந்தது. ஆதியாகமம் 6:14-ல் ‘உள்ளும் புறம்பும் கீல்பூசு’. யாத்திராகமம் 2:3-ல் ‘பிசினும் கீலும் பூசி’. ஆஹா, கீலும் ஒன்று! அங்கேயும் பார்த்தேன். முதல் கீல் ‘கோஃபெர்’, இரண்டாவது வசனத்தில் இருப்பவை ‘ஹேமார்’, ‘ஸெஃபெத்’. செயல் ஒத்துப்போகிறது, சொல் ஒத்துப்போகவில்லை. கருத்தை வைத்துப் பேசலாம், சொல்லை வைத்துப் பேச முடியாது.

தமிழ் மறைத்துவிடுகிற தொடர்புகள் இதைவிட மோசம், ஏனென்றால் எத்தனை தடவை தேடினாலும் அவை திரையில் வராது. யாத்திராகமம் 2:3-ல் மோசேயின் தாய் பெட்டியை ‘நாணலுக்குள்ளே’ வைத்தாள் என்று இருக்கிறதே, அந்த நாணல் எபிரெயத்தில் ‘சூஃப்’. பெட்டி முடைந்த நாணலுக்கு வேறு சொல், ‘கோமே’. யாத்திராகமம் 13:18-ல் வருகிற சிவந்த சமுத்திரத்தின் எபிரெயப் பெயர் ‘யாம் சூஃப்’. குழந்தையாகச் சூஃப் நடுவே கிடந்தவன், எண்பது வயதுக்குமேல் ஜனத்தை நடத்திக்கொண்டு போய் நிற்பது சூஃப் கடலோரத்தில். ‘நாணல்’ என்று ஆயிரம் தரம் அடியுங்கள், ‘சிவந்த சமுத்திரம்’ வரவே வராது.

சரிபார்க்க இரண்டு நிமிஷம் போதும். பைபிள் ஹப் தளத்தில் வசனத்தைத் திறந்து ‘இன்டர்லீனியர்’ பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு சொல்லின் மேலும் ஸ்ட்ராங் எண் இருக்கும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல் வெளியிட்ட கன்கார்டன்ஸில் (வேதாகமச் சொல்லடைவில்) ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுத்த எண்கள்தான் அவை. தேபா 8392, ஆரோன் 727. எண்ணைத் தட்டினால் அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் வரிசையாக வரும். எபிரெய எழுத்து ஒன்றுகூடத் தெரிய வேண்டாம். இரண்டு வசனத்துக்கும் எண் வேறு என்றால் கோட்டை அழித்துவிடுங்கள், பேச்சே கிடையாது.

300 பிரதியில் முகாமிலேயே பாதி போய்விட்டது. மீதியின் அட்டை உள்பக்கம் வெள்ளையாக இருந்ததால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். காசு போனதுகூட மறந்துவிட்டது. ஆனால் ஒரு பிரதர் இன்றைக்கும் அதே ‘பெட்டி’ செய்தியைப் பிரசங்கித்துவிட்டு, “உங்க புத்தகத்துல இருந்துதான் எடுத்தேன் பிரதர்” என்று எனக்கு நன்றி சொல்கிறார். திருத்திச் சொன்னேன், மூன்று தடவை. “இருந்தாலும் நல்லாத்தானே இருக்கு” என்கிறார்.

சொல்லைப் பாதியில் வெட்டித் தேடுவது

‘பயப்படாதே’ வேதாகமத்தில் 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்கிற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் 365-க்கு அருகில்கூட வராது. எண்ணப் போகிறவர்கள் செய்கிற தவறு இன்னும் வேடிக்கை. பயப்படாதேயுங்கள், பயப்படாதிருங்கள் என்று தமிழில் உருவம் மாறிக்கொண்டே போகுமே என்று ‘பயப்படாத’ வரை மட்டும் அடிப்பார்கள். லூக்கா 18:2 வந்து நிற்கும். ‘தேவனுக்குப் பயப்படாதவனும்’ என்று, அந்த அநீதியுள்ள நியாயாதிபதி! வாக்குத்தத்தப் பட்டியலில் அவரும் ஒருவர்.

‘ஏழு’ தேடுகிறவர்கள் ‘ஏழாம்’ விட்டுப்போகக் கூடாதென்று ‘ஏழ’ என்று வெட்டுவார்கள். நீதிமொழிகளில் இருக்கிற ஏழைகள் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள். வெட்டித் தேடுவது தவறில்லை, வந்ததை வாசிக்காமல் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்வதுதான் தவறு. தண்ணீரைத் தேடும்போது ‘ஜலம்’ என்றும் தனியாகத் தேடுங்கள். ஆதியாகமம் 1:2-ல் இருப்பது ஜலம், வெளிப்படுத்தல் 22:1-ல் இருப்பது ஜீவத்தண்ணீர்.

பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்வது

நாற்பது எல்லாருக்கும் பிடித்த எண். ஜலப்பிரளய மழை 40 நாள், சீனாய் மலையில் மோசே 40 நாள், ஓரேபுக்கு எலியா நடந்தது 40 நாள், வனாந்தரத்தில் இயேசு 40 நாள். சோதனைக்கும் ஆயத்தத்துக்கும் உரிய காலம் என்று முடித்துவிடுவோம். நியாயமான முடிவுதான்.

ஆனால் அதே தேடலில் ஈசாக்கு கல்யாணம் செய்த வயது 40 என்று வரும் (ஆதி 25:20). ஏசாவுக்கும் 40 (ஆதி 26:34). ஆசரிப்புக் கூடாரத்தின் தென்புறப் பலகைகளுக்குக் கீழே 40 வெள்ளிப்பாதங்கள் (யாத் 26:19). இவை எந்தச் செய்தியிலும் வருவதில்லை. யோனா 3:4-ல் நினிவேக்குக் கொடுத்த கெடு எபிரெயத்தில் 40 நாள், பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்தில் மூன்றே நாள். பொருந்தாததையும் அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் எழுதி வையுங்கள். எதிர்ப்பக்கம் நிறைந்துவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்ட்ராங் எண் கிடைத்ததும் துள்ளுவது

இது முதல் தவறைத் திருத்திக்கொண்டவர்களுக்கு வருகிற நோய். ஆதியாகமம் 1:2-ல் ஜலத்தின்மேல் அசைவாடிய ‘ஆவியானவர்’, 8:1-ல் பிரளய ஜலம் வற்ற வீசிய ‘காற்று’, இரண்டும் எபிரெயத்தில் ‘ரூவாஹ்’. சிருஷ்டிப்பு மறுபடி ஆரம்பமாகிறது போன்ற அருமையான தொடர்பு. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாத்திராகமம் 10:13-ல் வெட்டுக்கிளியைக் கொண்டுவந்த கீழ்காற்றையும் ஆவியானவர் என்று ஒரு தம்பி சொல்லிவிட்டான். ஒரு எண்ணுக்குக் கீழே ஏழெட்டு அர்த்தம் இருந்தால், அந்த வசனத்தில் நிற்பது அவற்றில் ஒன்றுதான்.

அதிகார எண்ணிலும் வசன எண்ணிலும் மறைபொருள் தேடுவது

அதிகாரம் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டில். புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்ணைப் போட்டது 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்கிற அச்சுக்காரர். சங்கீதம் 118 வேதாகமத்தின் நடு அதிகாரம் என்று வருகிற ஃபார்வர்டும் தப்பு. மொத்தம் 1,189 அதிகாரம், நடுவில் இருப்பது சங்கீதம் 117.

எழுத்துகளைத் தாண்டித் தாண்டிக் கோத்து ரகசியச் செய்தி தேடுவது

வேண்டாம்.

அந்தத் தங்கையிடம் இதெல்லாம் சொன்னேன், ரசம் ஊற்றாமல். மறுவாரம் படத்தைத் திருத்திக் கொண்டுவந்தாள். மோசேயின் பெட்டியிலிருந்து உடன்படிக்கைப் பெட்டிக்குப் போன சிவப்புக் கோடு இல்லை, நோவாவுக்கு ஒரு பச்சைக் கோடு. ஓரத்தில் பென்சிலால் இன்னொன்று.

“இது என்னம்மா?”

“ஆதியாகமத்தோட கடைசி வசனம் அண்ணா. யோசேப்பைப் பெட்டியில வெச்சாங்கல்ல, அதுவும் 727. உடன்படிக்கைப் பெட்டியோட அதே சொல்.”

நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து எண்ணைத் தட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் வனாந்தரத்தில் ரெண்டு பெட்டியையும் சேர்த்தே சுமந்திருப்பார்கள் என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது.

“இல்லண்ணா, யாத்திராகமம் 13:19-ல எலும்புகள்னுதான் இருக்கு. பெட்டின்னு இல்ல. அதான் பென்சில்ல போட்டிருக்கேன்.”