பாண்டாஸை வைத்துப் பாண்டாக்களை எண்ணுவோம்

பைத்தான் நிரல்மொழியில் தரவு அலசக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் சந்திக்கும் நூலகம், அதாவது ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பு, பாண்டாஸ். 2008இல் வெஸ் மெக்கின்னி ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது எழுதத் தொடங்கியது. மூங்கில் தின்னும் கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘பேனல் டேட்டா’ என்ற பொருளாதாரச் சொல்லைச் சுருக்கி வைத்த பெயர். பெயர் வந்து மாட்டிக்கொண்டதால், இந்தப் பாடத்துக்குச் சீனக் காட்டுப் பாண்டாக்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறே வரித் தரவுதான். ஆனால் தொடக்கத்தில் எல்லோரும் விழும் குழிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

எதையும் நிறுவ வேண்டாம். உலாவியிலேயே பைத்தானை ஓட்டவிடும் கூகுள் கொலாப் தளத்தைத் திறந்து ஒரு புதிய நோட்புக் எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டாஸ் அதில் ஏற்கெனவே இருக்கும். கீழே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். இம்போர்ட், ரீட்_சிஎஸ்வி போன்ற கட்டளைச் சொற்களையும், கோப்புப் பெயரின் கடைசியில் வரும் சிஎஸ்வியையும், படி 6இல் வரும் "ஓ"வையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்; படி 5இல் வரும் சீரீஸுக்கு மட்டும் முதலெழுத்து பேரெழுத்து. நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம்; பைத்தான் 3 மறுக்காது.

படி 1: கோப்பு

எக்செலிலோ வேறு விரிதாளிலோ இதை அடியுங்கள் (வரிக்கு மூன்று கட்டம்; 1,206 காற்புள்ளியோடு ஒரே கட்டத்தில்):

கணக்கெடுப்பு, மாகாணம், எண்ணிக்கை
3, சிச்சுவான், 1,206
3, ஷான்ஷி, 273
3, கான்சு, 117
4, சிச்சுவான், 1,387
4, ஷான்ஷி, 345
4, கான்சு, 132

காட்டுப் பாண்டா இருப்பது இந்த மூன்று மாகாணங்களில் மட்டும்தான். மூன்றாவது கணக்கெடுப்பு 1999 முதல் 2003 வரை நடந்தது. நான்காவது 2011 முதல் 2014 வரை நடந்து, முடிவு 2015இல் வெளியானது.

சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக் கோப்பு. எக்செலில் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கோப்பை மூடிவிட்டால் மீட்கவும் முடியாது. ‘பாண்டா’ என்று பெயர் கொடுத்து கொலாபில் ஏற்றிவிடுங்கள்.

படி 2: படிப்பது

இம்போர்ட் பாண்டாஸ் ஆஸ் பிடி
அட்டவணை = பிடி.ரீட்_சிஎஸ்வி("பாண்டா.சிஎஸ்வி")
அட்டவணை

ஆறு வரியும் அழகாக வந்து நிற்கும். இடது ஓரத்தில் 0 முதல் 5 வரை ஓர் எண் வரிசை தெரியும். அது நம் தரவு இல்லை, பாண்டாஸ் தானாகப் போட்ட இன்டெக்ஸ்.

படி 3: கூட்டுவது, அல்லது 120 கோடி பாண்டா

ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் மொத்தம் எத்தனை?

அட்டவணை.குரூப்பை("கணக்கெடுப்பு")["எண்ணிக்கை"].சம்()

குரூப்பை என்பது சீட்டுகளைக் குவியல் குவியலாகப் பிரிப்பது. சம் ஒவ்வொரு குவியலையும் கூட்டுவது. முதல் முறை நான் இதை ஓட்டியபோது மூன்றாவது கணக்கெடுப்புக்கு வந்த விடை: 1,206273117. காற்புள்ளியைக் கண்டுகொள்ளாமல் படித்தால் 120 கோடிக்கு மேல்! சீனாவில் கிட்டத்தட்ட ஆளுக்கொரு பாண்டா வளர்க்கலாம் போல.

என்ன நடந்தது? 1,206 என்று காற்புள்ளியோடு இருந்ததால் பாண்டாஸ் அதை எண்ணாகவே பார்க்கவில்லை, எழுத்தாகப் பார்த்தது. ஒரே ஒரு கட்டத்தில் காற்புள்ளி இருந்தால் போதும், முழு நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். எழுத்துகளைக் ‘கூட்டினால்’ ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்: 1,206, 273, 117. எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதுதான் இதில் கெட்ட விஷயம்.

அதனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் இதை ஓட்டிப் பாருங்கள்:

அட்டவணை.டிடைப்ஸ்

ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று இது காட்டும். எண்ணிக்கைக்கு எதிரே ‘இன்ட்64’ (முழு எண்) இருந்தால் நல்லது. ‘ஆப்ஜெக்ட்’ என்றோ ‘எஸ்டிஆர்’ என்றோ இருந்தால் அது எழுத்து. திருத்தம் சுலபம்:

அட்டவணை = பிடி.ரீட்_சிஎஸ்வி("பாண்டா.சிஎஸ்வி", தௌசண்ட்ஸ்=",")

இப்போது கூட்டினால் 1596, 1864. அரசு வெளியிட்ட மொத்தமும் இதுதான். மொத்தம் முன்கூட்டியே தெரிந்த தரவில் பழகுவதன் லாபம் இது.

படி 4: குறுக்காகத் திருப்புவது

மாகாணம் மேலிருந்து கீழாகவும் கணக்கெடுப்பு பக்கவாட்டிலும் இருந்தால் ஒப்பிட வசதி.

அகலம் = அட்டவணை.பிவட்(இன்டெக்ஸ்="மாகாணம்", காலம்ஸ்="கணக்கெடுப்பு", வேல்யூஸ்="எண்ணிக்கை")
அகலம்["வளர்ச்சி"] = (அகலம்[4] - அகலம்[3]) / அகலம்[3] * 100
அகலம்.ரவுண்ட்(1)

4, 3 இரண்டுக்கும் மேற்கோள்குறி போடவில்லை, கவனியுங்கள். அவை எண்களாகவே நெடுவரிசைப் பெயராகியிருக்கின்றன. "4" என்று அடித்தால் ‘கீஎரர்’ என்ற பிழைச் செய்தி வரும்.

விடை: கான்சு 12.8, சிச்சுவான் 15.0, ஷான்ஷி 26.4. மொத்த எண்ணிக்கையில் சிச்சுவான்தான் பெரியது, நாட்டின் பாண்டாக்களில் நான்கில் மூன்று பங்கு அங்கேதான். ஆனால் வேகமாகக் கூடியது ஷான்ஷியின் சின்லிங் மலைப் பாண்டாக்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

படி 5: நான்கு கணக்கெடுப்புகளும் சேர்ந்தால்

இந்த முறை கோப்பு வேண்டாம், நேரடியாகவே அடித்துவிடலாம். சீரீஸ் என்பது ஒற்றை நெடுவரிசை; இன்டெக்ஸாக ஒவ்வொரு கணக்கெடுப்பும் முடிந்த ஆண்டு.

மொத்தம் = பிடி.சீரீஸ்([2459, 1114, 1596, 1864], இன்டெக்ஸ்=[1977, 1988, 2003, 2014])
மொத்தம்.பிசிடி_சேஞ்ச்()

ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தையதிலிருந்து எவ்வளவு மாறியது என்று இது சொல்லும். முதல் வரியில் ‘என்ஏஎன்’ வரும். அதற்கு முன்னால் எண் இல்லாததால் வெற்றிடம், அவ்வளவுதான். அடுத்தவை -0.547, 0.433, 0.168. அதாவது பாதிக்கு மேல் சரிவு, பிறகு 43 சதவீத ஏற்றம், பிறகு 17.

சரி, இந்த இடத்தில் விசைப்பலகையிலிருந்து கையை எடுங்கள்.

காட்டில் பாண்டாவை நேரில் பார்ப்பது அபூர்வம். எண்ணப் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அதன் சாணத்தைத்தான். நாளொன்றுக்கு 12 முதல் 38 கிலோ வரை மூங்கில் தின்னும் மிருகம். தின்றதில் பெரும்பகுதி செரிக்காமல் நார்நாராக வெளியே வந்துவிடும். அந்தத் துணுக்குகளின் நீளத்தை அளப்பார்கள். ஒவ்வொரு பாண்டாவின் கடியும் கொஞ்சம் வேறுபடும் என்பதால், இது ஒரே மிருகமா இரண்டா என்று ஊகிக்கலாம். பின்னாளில் சாணத்திலிருந்தே டிஎன்ஏ எடுக்கும் முறையும் சேர்ந்தது. எண்ணும் முறையும் தேடிய காடுகளின் பரப்பும் நான்கு முறையும் ஒன்றல்ல.

அப்படியானால் அந்த -0.547 பொய்யா? அதுவும் இல்லை. 1970களின் நடுவில் மின்ஷான் மலையில் மூங்கில் ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்ந்து, குறைந்தது 138 பாண்டாக்கள் செத்துக் கிடந்தன. காடழிப்பும் வேட்டையும் வேறு. சரிவு உண்மை, அது சரியாக 54.7 சதவீதம் என்பதைத்தான் நம்ப முடியாது. 1864 என்பதிலும் ஒரு பொடி எழுத்து உண்டு: ஒன்றரை வயதுக்குக் கீழுள்ள குட்டிகள் அதில் சேர்த்தியில்லை.

இதெல்லாம் பாண்டாஸுக்குத் தெரியாது. நாலு எண்ணைக் கொடுத்தால் வகுத்துக் கொடுக்கும். எனவே முறை மாறிய இடத்தைத் தரவிலேயே ஒரு நெடுவரிசையாகக் குறித்துவைப்பது என் வழக்கம். ‘குறிப்பு’ என்று பெயர் வைத்து ஒரு வரி எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது நானே ஏமாற மாட்டேன்.

படி 6: படம்

மொத்தம்.பிளாட்(மார்க்கர்="ஓ")

கோடு வந்துவிடும். தலைப்பைத் தமிழில் கொடுத்தால் மட்டும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். இயல்பாக அமைந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது. முதல் நாளே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அச்சில் ஆண்டுகள் மட்டும் இருக்கட்டும்.

வீட்டுப்பாடம்

இந்தியப் புலிகள்: 2002க்கு 3642, 2006க்கு 1411, 2010க்கு 1706, 2014க்கு 2226, 2018க்கு 2967, 2022க்கு 3682. சீரீஸ் செய்து பிசிடி_சேஞ்ச் ஓட்டுங்கள். 2006க்கு எதிரே -0.613 வரும். முந்தைய எண் காலடித் தடங்களை வைத்து எண்ணியது, அடுத்தது தானியங்கிக் கேமராப் படங்களை வைத்து மதிப்பிட்டது. அதே காலத்தில் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பதும் நிஜம். ‘குறிப்பு’ நெடுவரிசையில் அந்த ஒரு வரியை எப்படி எழுதுவீர்கள் என்று பாருங்கள்.