டேஸ்டிங் மெனு சாப்பிடப் போகிறீர்களா? மேசைக்கு முன்பே தொடங்கும் வேலைகள்

இயற்கையை மையமாக வைத்துச் சமைக்கும் பெரிய உணவகங்களில் நாம் ஆர்டர் செய்வது என்று எதுவும் இல்லை. காட்டிலும் கடலிலும் தோட்டத்திலும் அந்தப் பருவத்தில் கிடைப்பதை வைத்து செஃப் ஒரு வரிசை வகுத்திருப்பார்; அதுதான் டேஸ்டிங் மெனு. பெரும்பாலும் 12 முதல் 20 சிறு பதார்த்தங்கள். முடிய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும்.

அதனால் தேதியைவிடப் பருவத்தை முதலில் பாருங்கள். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் நோமா உணவகம், 2018இல் புது இடத்துக்கு மாறியபோது ஆண்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டது: கடல் உணவு, கோடையில் காய்கறி, இலையுதிர்காலத்தில் காடும் வேட்டையும். மீனை விரும்பாதவர் அங்கே கடல் பருவத்தில் இடம் பிடித்திருந்தால் மாலை முழுக்கச் சிப்பியோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டியதுதான். லிமாவின் சென்ட்ரல் உணவகத்தின் கணக்கே வேறு. அங்கே ஒவ்வொரு தட்டும் பெருவின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் கிடைப்பதைச் சொல்லும். கடல்மட்டத்துக்குக் கீழிருந்து ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டர் தாண்டியும் போகும்.

முன்பதிவு குறிப்பிட்ட நாளில் திறக்கும். பல இடங்களில் முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்ட வேண்டும். ரத்து விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். வாரநாள் மதியத்துக்கு இடம் கிடைப்பது கொஞ்சம் சுலபம்.

பலர் சறுக்குவது உணவுக் கட்டுப்பாட்டைச் சொல்லும் இடத்தில். படிவத்தில் ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. முட்டை, இறைச்சி ஸ்டாக் (இறைச்சி, எலும்பு வேகவைத்த சாறு), மீன் சாஸ், ஜெலட்டின் ஆகியவற்றில் எது ஆகும், எது ஆகாது என்று தனித்தனியாக எழுதுங்கள். வெறும் முட்டைக்கோஸாகத் தெரியும் தட்டின் மேல் தடவியிருப்பது மீனைப் புளிக்கவைத்து எடுத்த சாறாக இருக்கலாம். இந்த அடிப்படைச் சாறுகள் நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தயாராகின்றன. மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்தப் பதார்த்தத்தை விலக்க முடியுமே தவிர, அதே தரத்தில் வேறொன்று தருவது கடினம். பிர்ச் மர மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வேகவைக்காத ஆப்பிள், ஹேசல்நட் சாப்பிட்டாலும் வாய் அரிக்கலாம்; அதையும் சொல்லிவிடுங்கள். பிடிக்காததை அலர்ஜி என்று எழுதாதீர்கள். சமையலறை அதற்காகத் தனிப் பலகை, தனிக் கத்தி எடுக்கும். நீங்கள் ரசித்திருக்கக்கூடிய நாலு பதார்த்தங்களும் சேர்ந்து போய்விடும்.

அன்றைக்குப் பட்டினி கிடக்க வேண்டாம். ஐந்து மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிடுங்கள். காலி வயிற்றில் வைன் போனால் ஐந்தாவது தட்டிலேயே நாக்கு மந்தமாகிவிடும். சென்ட் கட்டாயம் வேண்டாம்; புகையூட்டிய இலை, ஈரப் பாசி போன்ற மென்மையான வாசனைகளை அது உங்களுக்கும் பக்கத்து மேசைக்கும் சேர்த்து அழித்துவிடும்.

தட்டில் கல், பாசி, சுள்ளி எல்லாம் வரும். எது உணவு, எது அலங்காரம் என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். நோமாவில் எறும்பே தட்டில் வந்திருக்கிறது. அதிலுள்ள ஃபார்மிக் அமிலம் எலுமிச்சை போலப் புளிக்கும். ஒரே வாயாகச் சாப்பிடச் சொன்னால் பாதி கடித்துப் பார்க்காதீர்கள், உள்ளே திரவம் இருந்தால் சட்டையில்தான் வழியும். பிரான்ஸின் செஃப் மிஷேல் பிராஸ் உருவாக்கிய ‘கார்கூயூ’ என்ற காய்கறிப் பதார்த்தத்தில் ஒவ்வொரு காயும் தனித்தனியாக வெந்து, பச்சிலைகளோடும் பூக்களோடும் சேர்கிறது. அதைக் கலந்து அள்ளினால் அத்தனை உழைப்பும் ஒரே ருசியாகிவிடும். முள்கரண்டிக்கு ஓரிரு துண்டு எடுத்தால் ஒவ்வொரு வாயும் வேறு.

ரொட்டியும் வெண்ணெயும் அருமையாக இருக்கும், ஆனால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள். பாதி மெனுவில் வயிறு நிறைவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். தட்டுகளுக்கு ஏற்றபடி வைன் ஊற்றும் ‘வைன் ஜோடி’ எடுத்தால், 75 மில்லி வீதம் எட்டு கிளாஸ் என்று வைத்தாலே 600 மில்லி. ஒரு பாட்டிலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பாதி அளவில் ஊற்றச் சொல்லலாம். மது இல்லாத ஜூஸ் ஜோடியில் புளிப்பு ஏறிக்கொண்டே போகும், இடையிடையே தண்ணீர் குடியுங்கள்.

கழிப்பறைக்குப் போவதானால் தட்டு எடுக்கப்பட்ட உடனே, பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த தட்டு கிளம்பும் நேரத்தில் இருக்கை காலியாக இருந்தால், அது ஆறிப்போகும், அல்லது மேசை முழுவதற்கும் மறுபடி அடுக்க வேண்டிவரும். படம் எடுப்பதானால் ஃபிளாஷ் இல்லாமல் ஒன்றே ஒன்று. பனிக்கூழும் சூடான சாறும் காத்திருக்காது.

கிளம்பும்போது அச்சிட்ட மெனுவைக் கேட்டு வாங்குங்கள், பல இடங்களில் கடைசியில்தான் தருவார்கள். பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.