குறையை மறைத்து வீட்டை விற்றுவிட்டாரா? வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

வாங்கிய வீட்டில் பெரிய குறை தெரியவந்தால் பெரும்பாலானோர் முதலில் கூப்பிடுவது கொத்தனாரைத்தான். ஒழுகும் இடத்தை உடைத்து, பூசி, பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் ‘விற்றவர் மேல் வழக்குப் போட முடியுமா?’ என்ற கேள்வி வருகிறது. முடியும். ஆனால் அதற்குள் முக்கியமான ஆதாரம் சிமெண்டுப் பூச்சுக்கு அடியில் போயிருக்கும்.

இந்தியாவில் இதற்கான அடிப்படை, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. ஒப்பந்தங்களில் வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது. ஆனால் சொல்ல வேண்டிய கடமை இருக்கும்போது மௌனமும் மோசடிதான். ஹரியானா நிதிக் கழகம் ஏலத்தில் விற்ற சொத்துக்குத் தனிப் பாதை இல்லை என்பதைச் சொல்லாமல் விட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டித்தான் ஏலம் எடுத்தவரின் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது தவறு என்றது.

ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியவை இரண்டு. விற்றவருக்குக் குறை தெரியும். உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. இந்த இரண்டையும் மறந்து ‘வீடு மோசம், வீடு மோசம்’ என்று மட்டும் நிரூபிப்பதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு. வீடு மோசம் என்பதை எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்ளும். ‘எனக்கும் தெரியாது’ என்று ஒரு வரியில் தப்பித்துக்கொள்ளும்.

அவருக்குத் தெரியும் என்பதை எப்படிக் காட்டுவது? குறை தானே தடயம் விட்டுவைக்கும். ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பூச்சு, விரிசலை மறைத்து நிற்கும் அலமாரி, பழைய பூச்சுக்கு மேல் போட்ட இன்னொரு அடுக்கு. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, குறை எத்தனை காலம் பழையது, முன்பு சரிசெய்யப் பார்த்த அடையாளம் உண்டா என்பதை எழுத்தில் அறிக்கையாகக் கேளுங்கள். பிறகு ஆட்களைத் தேடுங்கள். முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவர், மேல்வீட்டுக்காரர், நீர்க்கசிவுக்கு வேலை பார்த்த பிளம்பர், இவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருக்கும். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கட்டாயம் பாருங்கள். கசிவைப் பற்றி விற்றவரே புகார் எழுதியிருந்தால், அதைவிட வலுவான சான்று கிடைப்பது அபூர்வம்.

பழுது பார்க்கவே கூடாதா என்று கேட்கலாம். கூரை இடிந்து விழும் நிலையில் இருந்தால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்றும் நீதிமன்றம் பார்க்கும். வேலையைத் தொடங்குமுன் தேதியோடு புகைப்படம், வீடியோ எடுங்கள். பொறியாளர் அறிக்கை வாங்குங்கள். குறையைப் பார்வையிட வரும்படி விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேலை நடக்கும்போதும் படம் எடுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள். படம் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். அவசரமில்லாத குறை என்றால் அப்படியே விட்டுவையுங்கள். வழக்குப் போட்ட பிறகு வழக்கறிஞர் ஆணையரை (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர்) அனுப்பி வீட்டைப் பார்வையிட வைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

கண்ணுக்கு நேரே தெரிந்த குறையை வைத்து வழக்கு நடத்தப் பார்ப்பதும் வீண். உடைந்த ஜன்னல், கூடத்துச் சுவரில் பளிச்சென்ற விரிசல் இவற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கிரயப் பத்திரத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் இருந்தால் உங்கள் நிலை இன்னும் பலவீனமாகும், ஏனென்றால் 55ஆம் பிரிவின் கடமைகளை ஒப்பந்தத்தால் மாற்றிக்கொள்ள முடியும். அதற்காக, நீங்கள் கேட்ட கேள்விக்குத் துணிந்து பொய் சொன்னவருக்கும் அந்த வாசகம் கவசம் ஆகிவிடாது. ‘தண்ணீர் கசியுமா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டு ‘இல்லவே இல்லை’ என்று பதில் வாங்கியிருந்தால், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். வாய்ச்சொல் பத்திரத்தை மாற்றாது என்பது பொது விதிதான், ஆனால் மோசடியை நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

அடுத்து, எங்கே போவது என்பது. தனிநபரிடம் பழைய வீடு வாங்கியவர் பொதுவாக உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் மனுப்போட்டால், அவர் உங்களுக்குச் சேவை எதுவும் வழங்கவில்லை என்று தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். கட்டுநரிடம் (பில்டரிடம்) வாங்கியவரின் நிலை வேறு. அவருக்கு நுகர்வோர் ஆணையமும் உண்டு, காலக்கெடு 2 ஆண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் உண்டு. அதன் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையையோ வேலைத்தரக் குறையையோ தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு. இங்கே அவருக்குக் குறை தெரியுமா என்ற சண்டையே தேவையில்லை. கட்டுநரிடம் நேரே வாங்கியவரை இந்தச் சட்டம் ‘ஒதுக்கீடு பெற்றவர்’ என்கிறது; அவரிடமிருந்து பிறகு வாங்கியவரையும் அப்படியே கருதுகிறது. எனவே 5 ஆண்டு முடியாத அடுக்குமாடி வீட்டை இரண்டாம் கையில் வாங்கியவர்கள், முதல் உரிமையாளரோடு மட்டும் மல்லுக்கட்டாமல் கட்டுநர் பக்கமும் பார்க்க வேண்டும்.

கோபத்தில் நேரே காவல் நிலையத்துக்கு ஓடுகிறவர்களும் உண்டு. ஏமாற்றுதல் குற்றம்தான், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். உரிமையியல் தகராறுக்குக் குற்றவியல் சாயம் பூசாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. போலி ஆவணம், ஒரே வீட்டை இருவருக்கு விற்றது போன்றவற்றில் புகார் கொடுங்கள், தயங்க வேண்டாம். நீர்க்கசிவுக்குப் புகார் எழுதிவிட்டுக் காவல் நிலையத்தை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால், அந்த மாதங்கள் உங்கள் கணக்கில்தான் கழியும்.

காலம் இங்கே பெரிய விஷயம். கிரயத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு 3 ஆண்டு. மோசடி என்றால், அது தெரியவந்த நாளிலிருந்தோ, கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ அந்தக் காலம் ஓடத் தொடங்கும். ‘சரி, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று விற்றவர் இழுத்தடிக்கும்போதும் அது நிற்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். குறை தெரிந்த பிறகும் வீட்டைப் புதுப்பித்து, வாடகைக்கு விட்டு அனுபவித்தால், விற்பனையை நீங்களே ஏற்றுக்கொண்டதாகக் கருதி ரத்து கேட்கும் உரிமையை நீதிமன்றம் மறுக்கலாம். வீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்பதா, வீட்டை வைத்துக்கொண்டு நஷ்டஈடு மட்டும் கேட்பதா என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து சீக்கிரமே முடிவு செய்யுங்கள்.

முன்பணம் மட்டும் கொடுத்த நிலையில் குறை தெரிந்தால் நீங்கள் பாக்கியசாலி. தகுந்த காரணத்தோடு கிரயத்தை மறுத்தால், கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே உங்களுக்குப் பொறுப்புரிமை, அதாவது அந்தச் சொத்திலிருந்தே பணத்தை மீட்கும் உரிமை, இருக்கிறது. ‘கொடுத்தது கொடுத்ததுதான், முன்பணம் போச்சு’ என்று தரகர் சொன்னதை நம்பிப் பத்திரப்பதிவுக்குப் போய் உட்காராதீர்கள்.

சமரசம் வந்தால் நல்லதுதான். ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கேட்பார்கள். காசோலை வங்கியில் பணமாகுமுன் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். எந்தக் குறைக்காக, எவ்வளவு தொகை என்பது அந்தக் காகிதத்தில் தெளிவாக இருக்கட்டும். இன்று கூரைக்கு வாங்கும் பணம், நாளை அஸ்திவாரத்தில் வெளிப்படும் குறைக்கும் சேர்த்து என்று ஆகிவிடக்கூடாது.