பழைய லேப்டாப்பில் நிறுவன மென்பொருள்: சறுக்கும் இடங்கள்

பழைய லேப்டாப் கைக்கு வந்ததும் புதியவர்கள் பெரும்பாலும் ஒன்றையே செய்கிறார்கள். விண்டோஸைப் புதிதாகப் போடுவார்கள். அப்புறம் லெனோவோ வான்டேஜ், டெல் கமாண்ட் அப்டேட், எச்பி சப்போர்ட் அசிஸ்டன்ட் என்று லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளை இறக்கி, அது காட்டும் அப்டேட் பட்டியலில் உள்ள அத்தனைக்கும் டிக் அடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பேக்கப் எடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

பயாஸுக்கும் சேர்த்து டிக் அடிப்பது

வைஃபை டிரைவரும் பயாஸும் (விண்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும், மதர்போர்டு சிப்பில் உள்ள மென்பொருள்) அந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி டிக் பெட்டியோடு நிற்கும். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வைஃபை டிரைவர் சொதப்பினால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். பயாஸ் எழுதுவது பாதியில் நின்றால் திரையே வராது. தானாக மீட்டுக்கொள்ளும் வசதி சில மாடல்களில் உண்டு, ஆனால் பழைய மெஷினில் அதை நம்பி இறங்கக் கூடாது.

பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். அடாப்டர் செருகியிருக்கிறதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பயாஸ் அப்டேட் தொடங்கும், இல்லையென்றால் மறுத்துவிடும். நியாயமான மறுப்பு. உடனே இணையத்தில் தேடுவார்கள். டெல் என்றால் 'ஃபோர்ஸ்இட்' என்ற கட்டளையைச் சேர்த்து ஓட்டினால் அந்தச் சோதனையைத் தாண்டலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஓட்டினார். அடாப்டர் பின் லூஸ். மேசையை யாரோ இடித்தார்கள், மின்சாரம் ஒரு நொடி விட்டுப் போனது. பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. மதர்போர்டில் பயாஸ் இருக்கும் எட்டுக் கால் சிப்பில் கிளிப் மாட்டி, வெளியிலிருந்து பயாஸைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. மெஷின் பெறுமானத்தில் பாதி அந்த வேலைக்கே போனது.

பயாஸ் ஒழுங்காக ஏறினாலும், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருக்கிறது. பயாஸ் மாறியதைக் கண்டு டிபிஎம் (பூட்டின் சாவியை வைத்திருக்கும் பாதுகாப்புச் சிப்) சாவியைத் தர மறுக்கலாம், அப்போது பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். டெல் கமாண்ட் அப்டேட்டில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் தேர்வு உண்டு. அது இருந்தாலும் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பதிப்பு, அல்லது உங்களுக்கு இருக்கும் கோளாறைத் தீர்க்கும் பதிப்பு என்றால் பயாஸைப் போடலாம். அதையும் நல்ல பேட்டரி போட்ட பிறகு, தனியாக, மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள்.

குப்பை என்று மொத்தமாக அழிப்பது

விளம்பரத் துணுக்குகளை அழியுங்கள், சரி. ஆனால் அழிக்கும் முன் சார்ஜ் வரம்பை (பேட்டரி முழுதாக ஏறாமல் நிறுத்தும் அமைப்பு) மட்டும் பாருங்கள். பல லெனோவோ திங்க்பேட், ஐடியாபேட்களில் இந்த அமைப்பு விண்டோஸில் இல்லை, மதர்போர்டில் உள்ள கன்ட்ரோலர் சிப்பில் இருக்கிறது. மென்பொருளை நீக்கினாலும் விண்டோஸை மாற்றினாலும் அது அப்படியே நிற்கும். வரம்பு 60 என்று இருந்தால் சார்ஜ் 60 சதவீதத்தைத் தாண்டாது. பேட்டரி போச்சு என்று புதிது வாங்குவார்கள், அதுவும் 60-லேயே நிற்கும்.

யாரோ எழுதிய 'டிரைவர் அப்டேட்டர்'

வேண்டவே வேண்டாம்.

நீக்கினால் எல்லாம் போய்விடும் என்று நம்புவது

2009 முதல் டெல் அப்டேட் கருவிகளோடு வந்த ஒரு டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2021 மே மாதம் வெளியானது. கருவியை நீக்கினாலும் 'டிபியூட்டில்' என்று தொடங்கும் அந்தக் கோப்பு டெம்ப் ஃபோல்டரில் தங்கியிருக்கலாம். அதைத் துடைக்க டெல் தனியாக ஒரு கருவியே வெளியிட்டது. பழைய டெல் என்றால் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

பழைய இன்ஸ்டாலரைத் தூக்கிப் போடுவது

சோனி 2014-இல் வயோ லேப்டாப் தொழிலையே விற்றுவிட்டது. இப்படி ஆனால் பழைய மென்பொருளை மறுபடி இறக்க முடியாமல் போகலாம். ஹாட்கீ மென்பொருள் (ஒலி, வெளிச்சம் போன்றவற்றுக்கான விசைகளை இயக்குவது) கையில் இருந்தால் நகலெடுத்து வையுங்கள்.