பழத்தோட்டத்தில் ஒளி விரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தின் உச்சியில் இருக்கும் பழம் நன்றாகச் சிவந்திருக்கும். இடுப்புயரத்துக்குக் கீழே, உள்கிளைகளில் தொங்கும் பழம் பாதி பச்சையாகவே நிற்கும். இந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் ஆப்பிள், பீச், நெக்டரின், செர்ரி தோட்டங்களில் மரவரிசைகளுக்கு இடையே ஒளியைத் திருப்பும் விரிப்பைப் போடுகிறார்கள். புல்லும் மண்ணும் தம்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அலுமினியப் பூச்சுத் தாளோ வெள்ளை நெசவு விரிப்போ அதை மேலே அனுப்பும். பழத்தின் அடிப்பக்கமும் நிழல் பக்கமும் ஒளி பெறும், தோலில் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி ஊறும்.

விரிப்பு தானாக வெளிச்சம் உண்டாக்குவதில்லை. தரைக்கு வந்து சேர்வதை மட்டுமே அது திருப்பித் தரும். "விரித்தும் நிறம் வரவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தவறியது இந்த இடத்தில்தான்.

அடர்ந்த மரத்தின் கீழ் விரிப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுவே. வெயில் தெளிவாக இருக்கும் நாளில், நடுப்பகலில் வரிசைக்குள் நின்று தரையைப் பாருங்கள். மரத்தடியில் வெயில் பொட்டுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்க வேண்டும். தரை முழுக்க ஒரே நிழலாக இருந்தால் விரிப்பை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம், முதலில் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தரியை எடுங்கள். நேராக மேலே ஓடும் நீர்ப்போத்துகளையும், நடைபாதைக்குள் நீண்டு தொங்கும் கிளைகளையும் நீக்கினாலே நிலைமை வெகுவாக மாறும்.

இதை அளந்தும் பார்க்கலாம். கையடக்க ஒளிமானியின் உணரியை, கீழ்வரிசைப் பழம் தொங்கும் உயரத்தில், தரையைப் பார்த்தபடி கவிழ்த்துப் பிடியுங்கள். விரிப்பதற்கு முன் ஒரு அளவு, ஒரு துண்டை மட்டும் விரித்தபின் அதே நேரத்தில், அதே வெயிலில் இன்னொரு அளவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்த வரிசைக்குச் செலவு செய்வது வீண். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ஏக்கர் கணக்கில் வாங்கிவிடுவது வருத்தமான விஷயம்.

கவாத்தையும் விரிப்பையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். நிழலிலேயே வளர்ந்த பழத்தின் மேல் திடீரென வெயில் பட்டால் தோல் வெளுத்து, பிறகு பழுப்பாகும். பழத்தோல் அதிகம் சூடேறாத மிதமான நாளிலும் இது நடக்கும். மேகமூட்டமான நாட்களைப் பார்த்துக் கவாத்து செய்து, ஒரு வாரமாவது விட்டு விரியுங்கள். பழத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளும் பழக்கம் இருந்தால், பழத்தின் மேல் ஒட்டிக்கிடக்கும் இலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழத்துக்குச் சர்க்கரை தருவது அதே இலைதான்.

விரிக்கும் நாளைத் தவறவிடுவது

நிறத்துக்காக என்றால் முதல் பறிப்புக்கு மூன்று முதல் நான்கு வாரங்களுக்கு முன் விரிக்க வேண்டும். பத்து நாளுக்கு முன் விரித்தால் நிறமி ஊற நேரம் போதாது. இரண்டு மாதம் முன்பே விரித்தால் கடுங்கோடையில் வெயில் கருகல் வரும், பறிப்பு நெருங்கும்போது தாள் புழுதியேறி மங்கியிருக்கும். காய்ப்பிடிப்பு, பழத்தின் அளவு, அடுத்த ஆண்டுப் பூ ஆகியவை நோக்கம் என்றால் கணக்கு வேறு. அப்போது பூக்கும் பருவத்திலிருந்தே விரிப்பார்கள், அதற்கு நீடித்து உழைக்கும் வெள்ளை நெசவு விரிப்புதான் ஏற்றது. ஆனால் பூக்கும் காலத்தில் உறைபனி விழும் இடங்களில் அந்த ஆபத்து விலகும் வரை பொறுங்கள். பகலில் மண் வாங்கும் வெப்பம்தான் இரவில் பூவைக் காக்கிறது. விரிப்பு அந்த வெப்பத்தை மண்ணுக்குள் இறங்க விடாது.

பழத்துக்குப் பைகட்டி வளர்க்கும் ஃபூஜி ஆப்பிளில் வரிசைமுறை முக்கியம். இரட்டைப் பையில் முதலில் வெளிப்பையைக் கழற்றி, சில நாள் கழித்து உள்பையைக் கழற்ற வேண்டும், அதன் பிறகே விரிப்பு. பைக்குள் இருந்த தோல் மிக மென்மையானது, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் கருகிவிடும்.

எந்த ரகத்துக்கும் விரிப்பது

காலா, ஃபூஜி, ஹனிகிரிஸ்ப் போன்று நிறம் இழுபறியாக வரும் ரகங்களில் பலன் நன்றாகத் தெரியும். தானாகவே முழுச் சிவப்பாகும் ரகங்களுக்கு இது தேவையில்லை. கிரானி ஸ்மித் போன்ற பச்சை ஆப்பிளில் வேண்டாத செம்மையைக் கொண்டுவந்து தரத்தையே குறைத்துவிடும்.

தழைச்சத்தைக் கொட்டிய தோட்டத்திலும் விரிப்பு தோற்கும். இலை அடர்ந்து, பழத்தோலின் பச்சை கலையாமல் நிற்கும். இரவுகள் வெதுவெதுப்பாக நீடிக்கும் காலத்திலும் அப்படியே. ஒளி எவ்வளவு கிடைத்தாலும் வெப்பம் நிறமி ஊறுவதைத் தடுக்கும். இரவு குளிரத் தொடங்கும்போது விரிப்பு கிடந்தால்தான் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

தாளைத் தேர்வதிலும் கட்டுவதிலும்

அலுமினியப் பூச்சுத் தாள் கண்ணாடி போல ஒரே திசையில் ஒளியைத் திருப்பும். விலை குறைவு, பலன் பளிச்சென்று தெரியும், ஆனால் எளிதில் கிழியும். வெள்ளை நெசவு விரிப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், மழைநீரைக் கீழே விடும், மேலே டிராக்டர் ஓடினாலும் தாங்கும், பல பருவங்களுக்கு வரும். பறிப்புக்கு வண்டிகள் ஓயாமல் போய்வரும் நடைபாதையில் மெல்லிய தாளை விரிப்பது முதல் நாளே அதைக் கிழிக்கக் கொடுப்பதற்குச் சமம். தாள்தான் கையில் இருக்கிறது என்றால், மரவரிசையின் இருபுறமும் பட்டையாக விரித்து, சக்கரத் தடத்தை வெறுமையாக விடுங்கள்.

விரிக்கும் முன் புல்லைத் தரையோடு ஒட்ட வெட்டி, கவாத்துக் குச்சிகளையும் கற்களையும் பொறுக்கிவிடுங்கள். புல் உயரமாக இருந்தால் விரிப்பு மேடுபள்ளமாக நிற்கும், காற்று அடியில் புகுந்து தூக்கும். ஓரத்தில் மண்ணை அள்ளிப் போட்டு அழுத்துவது பலர் செய்யும் தவறு. முதல் மழையில் அந்த மண் கரைந்து பளபளப்பின் மேலேயே பரவும். தாளுக்குச் சரளை நிரப்பிய சிறு பைகளை வையுங்கள். நெசவு விரிப்பை ஓரத்துக் கண்ணிகளில் ரப்பர் கயிறு கோத்து, மரத்தூரிலோ பந்தல் கம்பியிலோ மாட்டுங்கள். கயிறு நெகிழ்ந்து கொடுப்பதால் காற்றின் இழுப்பில் கண்ணி பிய்யாது.

மரத்தூரை மூடிவிடாதீர்கள். அடியில் ஈரம் தேங்கினால் தூர் அழுகும். எலிகளுக்கும் அது மறைவிடமாகும், பட்டையைச் சுற்றிக் கடித்து மரத்தையே கொன்றுவிடும்.

புழுதி, உதிர்ந்த இலை, மருந்துப் படிவு மூன்றும் பிரதிபலிப்பைத் தின்னும். இலையை வாரந்தோறும் ஊதித் தள்ளுங்கள். கந்தக மருந்து தெளிக்க வேண்டியிருந்தால் விரிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்து காக்கும் சேர்மானத்தைக் கந்தகம் கெடுத்து, விரிப்பின் ஆயுளைக் குறைக்கும்.

வெயில் கருகலை எண்ணிப் பார்க்காதது

ஆப்பிளில் பழத்தோலின் வெப்பம் 46 முதல் 49 டிகிரி செல்சியஸ் வரை ஏறி நின்றால், ரகத்தைப் பொறுத்து மஞ்சளும் பழுப்புமாகக் கருகல் விழும். 52 டிகிரி அளவில் பத்து நிமிடம் நின்றாலே தோல் திசு செத்துவிடும். வெயில் படும் பழத்தோல் சுற்றுக் காற்றைவிட 10 டிகிரிக்கு மேலும் சூடாக இருக்கும் என்பதால், வானிலை அறிக்கையில் 35 என்று பார்த்து நிம்மதி அடையக் கூடாது. வெப்ப அலை வருமென்று தெரிந்தால் விரிப்பைப் பாதியாக மடித்து வைக்கலாம், அல்லது மேலே நிழல்வலை இருக்கும் பகுதியில் மட்டும் விரிக்கலாம். ஆலங்கட்டி வலை கட்டிய தோட்டங்களில் வலை விழுங்கும் ஒளியை ஈடுகட்ட விரிப்பு உண்மையிலேயே கைகொடுக்கும்.

வேலை செய்பவர்களுக்கும் கீழிருந்து வெயில் அடிக்கிறது. தொப்பி மட்டும் போதாது. கறுப்புக் கண்ணாடி, கழுத்தையும் தாடையையும் மூடும் துணி, கூடுதல் தண்ணீர் எல்லாம் வேண்டும்.

நிறத்தைப் பார்த்துப் பறிப்பது

விரிப்பு போட்ட பழம் பார்வைக்கு முன்கூட்டியே தயாராகிவிடும், உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் இருக்கலாம். சிவப்பை நம்பிப் பறித்தால் சுவையற்ற பழம்தான் பெட்டிக்குப் போகும். மாவுச்சத்தைக் காட்டும் அயோடின் சோதனை, சதையின் உறுதி, சர்க்கரை அளவு மூன்றையும் பார்த்தே பறிப்பு நாளை முடிவு செய்யுங்கள். தோலில் சிவப்புக்கு அடியில் இருக்கும் பச்சை வெளிர் மஞ்சளாகிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஆரஞ்சு வகைகளில் நோக்கம் சற்று வேறு. ஜப்பானில் சட்சுமா மாண்டரின் மரங்களின் கீழ் விரிக்கும் வெள்ளைத் தாள் மழைநீரை உள்ளே விடாது, மண்ணின் ஆவியை மட்டும் வெளியேற்றும். மரம் லேசாகக் காய்வதால் பழத்தில் இனிப்புக் கூடும். இங்கே நடக்கும் தவறு காயவிட்டு மறந்துபோவது. அளவு மீறினால் புளிப்பு இறங்காது, பழமும் சிறுத்துவிடும். தாளின் அடியில் சொட்டுநீர்க் குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். பகலில் சுருளும் இலை விடியலிலும் நிமிரவில்லை என்றால் அன்றே தண்ணீர் விடுங்கள்.

பலனைக் கணக்கிட இரண்டு மூன்று வரிசைகளை விரிக்காமல் விடுங்கள். அவை விரித்த வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, பக்கத்து வெளிச்சம் அங்கும் பாயும். முதல் பறிப்பில் விரித்த வரிசையிலும் விரிக்காத வரிசையிலும் கீழ்க்கிளைப் பழங்களை மட்டும் நிறவாரியாக எண்ணுங்கள். உச்சிப் பழங்களைச் சேர்த்து எண்ணினால் வித்தியாசம் மறைந்துவிடும்.

பறிப்பு முடிந்ததும் தாளை மழைக்கு முன் சுருட்டுங்கள். உதிர்ந்த துண்டுகள் புல்லில் சிக்கினால் பிறகு பொறுக்கவே முடியாது. எரிக்கவும் கூடாது. நெசவு விரிப்பை உதறி, நன்றாகக் காயவைத்து, வரிசை எண் எழுதி, எலி புகாத இருட்டறையில் தரையில் படாமல் வையுங்கள்.